மூன்று முறை ‘ஆல் ஆஃப் யூ’

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில், செவன்த் அவென்யூ சவுத்தில், படியிறங்கிப் போகவேண்டிய ஒரு நிலவறைக் கிளப். வில்லேஜ் வான்கார்டு என்று பெயர். பியானோவில் பில் எவன்ஸ், பாஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோட்டியன். பிற்பகலில் இரண்டு, இரவில் மூன்று என்று அன்றைக்கு ஐந்து முறை மேடையேறினார்கள். ரிவர்சைடு கம்பெனிக்காக ஓரின் கீப்நியூஸ் தயாரிக்க, டேவ் ஜோன்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் அவ்வளவையும் டேப்பில் பிடித்தார்.

பதினோராம் நாள், ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. ஆகவே அந்த டேப்புகளிலிருந்து முதலில் வந்த எல்.பி. அவருக்கான அஞ்சலியாகவே அமைந்தது. ‘சண்டே அட் த வில்லேஜ் வான்கார்டு’ அவர் எழுதிய ‘குளோரியாஸ் ஸ்டெப்’பில் தொடங்கி, அவர் எழுதிய ‘ஜேட் விஷன்ஸ்’ஸில் முடிகிறது. நடுவில் இருப்பவையும் பாஸ் நன்றாகப் பேசும் பாட்டுகளே. அடுத்த எல்.பி., ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’, எவன்ஸின் பக்கம் திரும்புகிறது. இரண்டும் சேர்த்து எண்பது நிமிடம் சொச்சம். அன்று வாசித்ததில் ஏறக்குறைய பாதி வெளியே நின்றுவிட்டது.

2005இல் மூன்று சி.டி.க்களாக வந்த முழுத் தொகுப்பு அந்த நாளை வாசித்த வரிசையிலேயே திருப்பித் தருகிறது. அறிவிப்பாளர் குழுவை அறிமுகம் செய்கிறார். ‘குளோரியாஸ் ஸ்டெப்’ தொடங்குகிறது. மூவரும் சூடு பிடித்துவரும் நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டு, பதிவில் ஒரு துளை விழுகிறது. 1961இன் தயாரிப்பாளருக்கு இது கெட்டுப்போன டேக். தூக்கி வைத்துவிட்டு மாலையில் வாசித்ததை எல்.பி.யில் சேர்த்தார். அவர் செய்தது சரி. ஆனால் இப்போது இதைக் கேட்கும்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. துளைக்கு முன்னும் பின்னும் மோட்டியனின் பிரஷ் ஒரே கதியில் ஓடுகிறது. மேடையில் இருந்தவர்களுக்கு எதுவும் நிற்கவில்லை; டேப்பில்தான் நின்றது. காற்றில் நடந்தது வேறு, நம்மிடம் வந்து சேர்ந்தது வேறு என்பதை இந்த ஒரு தடங்கல் காதுக்கே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கோல் போர்ட்டரின் ‘ஆல் ஆஃப் யூ’வை அன்று மூன்று முறை வாசித்தார்கள். எல்.பி.யில் இருப்பது இரண்டாவது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கக்கூடாது என்பது என் கட்சி. பிற்பகல் முதல் செட்டில் அது நான்காவதாக வருகிறது, மாலையில் ‘மை மேன்ஸ் கான் நௌ’வின் கனம் இறங்குவதற்குள் வருகிறது, கடைசி செட்டில் ‘ஜேட் விஷன்ஸ்’ஸுக்கு முன்னால் வருகிறது. இந்த அக்கம்பக்கம் இல்லாமல் மூன்றையும் பிய்த்தெடுத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும், காரணம் தெரியாது. இருந்த இடத்தில் வைத்துக் கேட்டால், லஃபாரோ மூன்றாம் முறை ஏன் அவ்வளவு துணிந்து பியானோவுக்குக் குறுக்கே போகிறார் என்பது புரியும். நாள் முழுக்க அந்தப் பாட்டுக்குள் இருவரும் நடந்து பழகிவிட்டார்கள். எவன்ஸ் மெட்டை நேராகச் சொல்லாமல் அதன் ஓரங்களை மட்டும் தொட்டுக்கொண்டு போனாலும், பாஸ் வழி தவறுவதில்லை.

பெட்டித் தொகுப்புகளை நான் சேர்ப்பது இதற்காகத்தான். ‘எல்லாம் என்னிடம் இருக்கிறது’ என்ற திருப்தி அலமாரிக்கு உரியது, காதுக்கு அதனால் லாபமில்லை. ஒரு கலைஞன் எதை வாசித்தான், தயாரிப்பாளர் அதில் எதை எடுத்தார், எதை விட்டார், ஏன் விட்டார் என்று பின்தொடர்ந்து போகும் வசதியை ஒரு நல்ல மறுவெளியீடு தருகிறது. உ.வே.சா. பதிப்பில் பாடபேதங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சுகம் தெரியும். மூலத்தில் இதுதான் என்று ஒன்றை நிறுத்திவிட்டு, மற்றவற்றையும் மறைக்காமல் கீழே தருவது. மறுவெளியீட்டுத் தயாரிப்பாளரை நான் பதிப்பாசிரியராகவே பார்க்கிறேன். அவர் எந்தச் சுவடியைத் தேர்ந்தார், எந்த வரிசையில் வைத்தார், எங்கே கை வைத்தார், எங்கே கை வைக்காமல் விட்டார் என்பதைக் கவனிக்காமல் ஒரு தொகுப்பைப் பற்றிப் பேச முடியாது.

அப்படிப் பார்த்தால் இந்தத் துறையின் பெரிய பதிப்பாசிரியர் மைக்கேல் கஸ்குனா. எழுபதுகளின் நடுவில் ப்ளூ நோட் கம்பெனியின் டேப் கிடங்குக்குள் போனவர். அங்கே வெளிவராத அமர்வுகள் குவிந்து கிடந்தன. ப்ளூ நோட்டை 1939இல் தொடங்கிய ஆல்ஃபிரட் லயன், பெர்லினிலிருந்து வந்தவர். பதிவுக்கு முன் ஒத்திகை பார்ப்பதற்கும் கலைஞர்களுக்குக் கூலி கொடுத்த தயாரிப்பாளர். விற்கக்கூடியதைவிட அதிகமாகப் பதிவு செய்தார். மனதுக்குப் பிடிக்காததைக் கிடப்பில் போட்டார். கஸ்குனா அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, யார் வாசித்தது, எந்தத் தேதி என்று பதிவேடுகளோடும் உயிரோடிருந்த கலைஞர்களோடும் ஒத்துப் பார்த்தார். பிறகு சார்லி லூரியோடு சேர்ந்து மொசைக் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். 1983இல் வந்த முதல் தொகுப்பு, தெலோனியஸ் மங்க் ப்ளூ நோட்டுக்காக வாசித்தவை முழுவதும். கடையில் கிடைக்காது, தபாலில்தான் வாங்கவேண்டும். பிரதிக்கு எண் போட்டிருக்கும். உரிமைக் காலம் முடிந்தால் அச்சும் முடிந்தது. கஸ்குனா 2024இல் காலமானார். அவர் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் ப்ளூ நோட்டின் பாதியை நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மொசைக் பெட்டியைத் திறந்ததும் நான் எடுப்பது இசைத்தட்டை அல்ல, எல்.பி. அளவுக்கு இருக்கும் அந்தக் கையேட்டை. பின்பக்கங்களில் அமர்வுப் பட்டியல் இருக்கும். தேதி, இடம், யார் எந்த வாத்தியம், மேட்ரிக்ஸ் எண், டேக் எண், முதலில் எந்தத் தட்டில் வந்தது, எது இதுவரை வராதது. இடையிடையே லயனின் கூட்டாளி ஃபிரான்சிஸ் வுல்ஃப் ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். சிகரெட் புகை, மடக்கிய சட்டைக்கை, டேக் முடிந்து பதிவைக் கேட்கும் முகங்கள். அந்தப் பட்டியலில் விடுபட்ட எண்களில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு டேக் 0, டேக் 3 இருந்து, நடுவில் இருப்பவை இல்லையென்றால், அங்கே ஏதோ உடைந்திருக்கிறது அல்லது அழிந்திருக்கிறது. இப்படி அமர்வு அமர்வாக ஜாஸைப் பட்டியலிடும் பழக்கத்தை 1936இலேயே பாரீஸில் தொடங்கி வைத்தவர் சார்ல் டெலோனே. அமெரிக்காவில் தெருமுனை இசை என்று ஒதுக்கியதை ஒரு பிரெஞ்சுக்காரர் நூலகர் நிதானத்தோடு அட்டவணை போட்டார். இன்றைக்கும் சேகரிப்பவர்கள் சண்டை போட்டுக்கொள்வது அவர் வகுத்த கட்டங்களுக்குள்தான்.

மங்க் தொகுப்பு வந்தபோதே ஒரு சச்சரவும் வந்தது. டேக்குகளை எந்த வரிசையில் வைப்பது? பதிவான வரிசைப்படி வைத்தால், ஒரே பாட்டு இரண்டு முறை தொடர்ந்து வரும். ஆராய்கிறவனுக்கு வசதி, சும்மா கேட்கிறவனுக்குச் சலிப்பு. பிற்பாடு பல தொகுப்புகளில் மாற்று டேக்குகளைத் தட்டின் கடைசிக்குத் தள்ளினார்கள். என் அபிப்பிராயம் காலத்தைப் பொறுத்தது. மங்க் 1947 அக்டோபரில் ப்ளூ நோட்டுக்கு வாசிக்கத் தொடங்கியபோது வந்தவை 78 சுற்று இசைத்தட்டுகள்; பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். அங்கே எல்.பி. என்ற வடிவமே கலைஞனின் மனதில் இல்லை. ஆகவே அமர்வு வரிசைதான் நேர்மையான வரிசை. ஆனால் 1959க்குப் பிறகு வந்த எல்.பி.யைக் கூறுபோட்டு அமர்வு வரிசையில் கலைத்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன். முதல் பக்கம் எங்கே முடியவேண்டும், திருப்பிப் போட்டதும் எது ஒலிக்கவேண்டும் என்று யோசித்துச் செய்த பொருள் அது. முதலில் அந்த எல்.பி. முழுதாக இருக்கட்டும். மிச்சம் பின்னால் வரட்டும்.

மங்கைப் பற்றிப் பேசும்போது ஒரு பெண்ணைச் சொல்லாமல் போகக்கூடாது. லயனின் மனைவியாக இருந்த லொரெய்ன், யாரும் வாங்காத மங்கின் தட்டுகளைக் கடைகடையாக எடுத்துப் போய் வாதாடியவர். பின்பு வில்லேஜ் வான்கார்டின் உரிமையாளர் மேக்ஸ் கார்டனை மணந்து, 1989இல் அவர் இறந்தபின் 2018இல் தான் இறக்கும்வரை அந்தக் கிளப்பை நடத்தினார். ஜாஸ் சரித்திரம் ஆட்களால் எவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்டிருக்கிறது என்பது கையேடுகளைத் தொடர்ந்து படித்தால்தான் பிடிபடும்.

பதிப்பாசிரியரின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்பதற்கு மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியாவின் முப்பதாம் தெரு ஸ்டூடியோவில் பதிவானது. மார்ச் 2 அன்று ஓடிய முதன்மை டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். முதல் பக்கத்தின் மூன்று பாட்டும், ‘ஸோ வாட்’, ‘ஃபிரெடி ஃப்ரீலோடர்’, ‘ப்ளூ இன் கிரீன்’, ஏறிய சுருதியிலேயே உலகத்தைச் சுற்றி வந்தன. கூடவே வாசித்துப் பழக நினைத்தவர்களுக்குப் பியானோவின் கட்டைகளுக்கு நடுவில் எங்கோ அந்தச் சுருதி நின்றது. 1992இல்தான், அன்று பாதுகாப்புக்காக ஓடிய இரண்டாவது இயந்திரத்தின் டேப்பை எடுத்துச் சரிசெய்தார்கள்.

திருத்திய பதிப்பில் ‘ஸோ வாட்’ தொடங்கும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். பியானோவும் பாஸும் தாளமில்லாமல் தயங்கி நகரும் அந்த முன்னுரை ஒரு பிடி தழைந்திருக்கும். பால் சேம்பர்ஸின் பாஸ் மெட்டை எடுக்கும்போது அதில் மரத்தின் கனம் கூடியிருக்கும். மைல்ஸின் டிரம்பெட்டில் பழைய பதிப்பில் இருந்த மெல்லிய பதற்றம் போய்விடும். பழைய சுருதியிலேயே முப்பது வருடம் கேட்டவர்கள் சிலர் இதை இன்னும் ஏற்கவில்லை. பழக்கத்தில் ஊறிய காதுக்குத் திருத்தம்தான் பிழையாகப்படும். நான் திருத்தத்தின் பக்கம். ஸ்டூடியோவில் அவர்கள் கேட்ட சுருதி இதுதான். ஆனால் பழைய தட்டையும் விற்கமாட்டேன். அறுபதுகளில் இந்த இசையைக் கேட்டு வளர்ந்த ஒவ்வொரு கலைஞனும் ஏறிய சுருதியைத்தான் கேட்டான். அதுவும் சரித்திரம். ஆரம்ப காலப் பிரதிகளில் இரண்டாம் பக்கத்தின் பாட்டுப் பெயர்கள் இடம் மாறி அச்சாகியிருந்தன. ‘ஆல் ப்ளூஸ்’ என்று போட்டிருக்கும் இடத்தில் ‘ஃபிளமென்கோ ஸ்கெச்சஸ்’ ஒலிக்கும்.

திருத்தத்தால் ஒரு கலைஞனுக்கே நியாயம் கிடைத்த கதையும் உண்டு. 1956 ஜூலை 7, ரோட் ஐலண்டின் நியூபோர்ட் விழா. டியூக் எலிங்டனின் குழு ‘டிமினுயெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ’ வாசிக்கிறது. நடுவில் பால் கொன்ஸால்வெஸ் டெனர் சாக்ஸபோனோடு எழுந்து, ப்ளூஸின் பன்னிரண்டு தாளக்கட்டை 27 சுற்று விடாமல் வாசிக்கிறார். கூட்டம் நாற்காலிகளைவிட்டு எழுந்துவிட்டது. எலிங்டனின் சரிந்துகொண்டிருந்த மதிப்பு அந்த இரவில் நிமிர்ந்தது. ஆனால் கொன்ஸால்வெஸ் நின்று வாசித்தது கொலம்பியா கம்பெனியின் மைக்கில் அல்ல, பக்கத்தில் இருந்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில். கொலம்பியாவின் டேப்பில் அவர் தூரத்திலிருந்து கேட்கிறார். போதாததற்கு நிகழ்ச்சியின் சில பகுதிகளை ஸ்டூடியோவில் மறுபடி வாசித்து, கைதட்டலை ஒட்டவைத்து எல்.பி. ஆக்கினார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் அதுதான் ‘நியூபோர்ட்’ என்று விற்றது.

பிற்பாடு வானொலியின் டேப் கிடைத்தது. ஃபில் ஷாப் இரண்டு ஒற்றை டேப்புகளையும் நொடி பிசகாமல் இணைத்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்து, 1999இல் ஸ்டீரியோவாக வெளியிட்டார். அதில் கொன்ஸால்வெஸ் முன்னால் வந்து நிற்கிறார். பன்னிரண்டாம் சுற்றிலிருந்தே கூட்டத்தின் இரைச்சல் மெல்லமெல்ல ஏறுவதும், எலிங்டன் பியானோவிலிருந்து உரக்க ஊக்கப்படுத்துவதும், டிரம்ஸ் அதற்கெல்லாம் அசைந்துகொடுக்காமல் ஒரே பிடியில் நிற்பதும் தெளிவாகக் கேட்கின்றன. மறுவெளியீட்டை வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் நீட்டுவது இந்தத் தட்டைத்தான்.

ஒலியைச் சுத்தம் செய்யும் வேலையில் எனக்குப் பிடித்தமான கை ஜான் ஆர்.டி. டேவிஸினுடையது. இங்கிலாந்துக்காரர், தாமே வாத்தியக்காரர். லூயி ஆம்ஸ்ட்ராங் 1925 முதல் 1928 வரை சிகாகோவில் ஓகே கம்பெனிக்காக ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுக்களோடு வாசித்தவை ஜாஸின் அடிவாரம். முதல் அமர்வுகள் மைக் வருவதற்கு முன்பு, புனல் வைத்துப் பிடித்தவை. இவற்றுக்கு நல்ல 78 தட்டுகளைத் தேடிப் பிடித்து, டேப்புக்கு மாற்றி, கீறல் ஓசை விழுந்த இடத்தில் டேப்பின் மேல் இருக்கும் காந்தப் பூச்சை மட்டும் கத்தியால் மயிரிழையாகச் சுரண்டி எடுப்பார் டேவிஸ். ஒவ்வொரு ‘டிக்’குக்கும் ஒரு சுரண்டல். 1999இல் ஜே.எஸ்.பி. கம்பெனி மலிவு விலையில் அவருடைய மாற்றல்களை நான்கு தட்டாக வெளியிட்டது. அடுத்த வருடமே கொலம்பியா தன் அதிகாரபூர்வத் தொகுப்பைப் பெரிய பெட்டியில் கொண்டுவந்தது. இரண்டையும் வைத்திருக்கிறேன், கேட்க எடுப்பது டேவிஸை. மேற்பரப்பு இரைச்சலை அவர் ஓரளவு விட்டுவைத்திருக்கிறார். அந்த இரைச்சலோடு சேர்ந்துதான் ‘பொடேட்டோ ஹெட் ப்ளூஸ்’ஸில் குழு தாளத்தை நிறுத்தி நிறுத்தி வைக்க, ஆம்ஸ்ட்ராங் அந்த இடைவெளிகளில் தனியே ஏறிப் போகும்போது, அவர் வாத்தியத்தின் பித்தளை உயிரோடு இருக்கிறது. இரைச்சலை முழுக்கத் துடைத்த பதிப்புகளில் அந்தப் பித்தளையும் சேர்ந்து துடைபட்டுப்போகிறது.

டீன் பெனடெட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் சேகரிப்பவனின் பைத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியாது. சாக்ஸபோன் வாசிப்பவர், சார்லி பார்க்கரின் பக்தர். 1947 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸின் ஹை-டி-ஹோ கிளப்பிலும், அடுத்த வருடம் நியூயார்க்கிலும், பதிவு இயந்திரத்தோடு உட்கார்ந்து பார்க்கர் வாசிப்பதை மட்டும் பிடித்தார். மற்றவர் கைக்குப் பாட்டு மாறினால் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். 1957இல் அவர் இத்தாலியில் இறந்தபின் அந்தப் பதிவுகள் வெறும் வதந்தியாக முப்பது வருடம் உலவின. 1988இல் அவருடைய சகோதரரிடமிருந்து கிடைத்தன. மொசைக் 1990இல் ஏழு சி.டி.யாக வெளியிட்டது. கேட்பது சுலபமில்லை. பாட்டு நடுவில் தொடங்கும், நடுவில் அறுந்துபோகும். ஆனால் பார்க்கர் ஒவ்வொரு இரவும் ஒரே பாட்டுக்குள் புதிதாக எந்த வழியில் நுழைகிறார் என்பதை வேறெந்தத் தட்டும் இவ்வளவு கிட்டத்தில் காட்டியதில்லை. பெனடெட்டி விட்டுவிட்ட டிரம்பெட்காரனையும் பியானோக்காரனையும் நினைத்து எனக்கு ஏக்கம் உண்டு. அவர் அன்று வைத்திருந்த தட்டுகளின் நீளத்தை யோசித்தால் குறை சொல்லவும் மனம் வருவதில்லை.

வினைல் தேடுபவர்களிடம் ஒரு வார்த்தை. பழைய ப்ளூ நோட் எல்.பி. கையில் கிடைத்தால் லேபிளைப் பார்ப்பதற்கு முன், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்று வளையத்தை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். ஆர்.வி.ஜி. என்ற எழுத்துகளோ வான் கெல்டர் என்ற முத்திரையோ இருந்தால், பதிவு செய்த ரூடி வான் கெல்டரே அச்சுக்கான மூலத்தட்டையும் வெட்டினார் என்று அர்த்தம். பகலில் கண்ணுக்குக் கண்ணாடி பார்த்துக் கொடுப்பவராக இருந்து, நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு முன்னறையிலேயே ஜாஸின் ஒலியை உருவாக்கிய மனிதர். பக்கத்திலேயே காது மடல் போல ஒரு சின்னம் இருந்தால், அது பிளாஸ்டிலைட் ஆலையில் அழுத்திய பிரதி. 1966 வாக்கில் கம்பெனி கைமாறிய பிறகு அந்தக் காது மறைந்துவிட்டது. காது உள்ள பிரதிகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். கொடுக்க வசதியுள்ளவர்கள் கொடுக்கட்டும். ஆனால் அசல் டேப்பிலிருந்து கவனமாகச் செய்த மறு அச்சு ஒன்று அமைதியான பின்னணியோடு கையில் இருக்கும்போது, கீறல் விழுந்த முதல் பதிப்புக்காகச் சேமிப்பைக் கரைக்க வேண்டாம் என்பதே நான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது. அந்தப் பணத்தில் ஒரு மொசைக் பெட்டியும் நாலு நல்ல தட்டும் வாங்கலாம்.

பெட்டி வாங்கிவிட்டு அதைக் கேட்காமல் வைத்திருப்பவர்கள் அதிகம். காரணம், எட்டுத் தட்டையும் ஒரே மூச்சில் கேட்கப் பார்க்கிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு அமர்வு போதும். கிளப் பதிவு என்றால் ஒரு செட். கையேட்டில் அந்தத் தேதிக்கு உரிய பக்கத்தை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அடுத்ததைப் போடாதீர்கள். யாரோடாவது அதைப் பற்றிப் பேசுங்கள். சண்டை போட ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது.

எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார். வயதில் மூத்தவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சேர்ந்து கேட்க உட்கார்ந்தால் மைல்ஸ் டேவிஸின் ‘பிளக்டு நிக்கல்’ பெட்டியில்தான் வந்து முட்டிக்கொள்வோம். 1965 டிசம்பர் 22, 23. சிகாகோவில் ஒரு கிளப். இரண்டு இரவில் ஏழு செட். 1995இல் எட்டு சி.டி.யாக வந்தது.

“ஏழு செட்டையும் யாருப்பா உக்காந்து கேக்குறது? அதே ‘ஸ்டெல்லா’, அதே ‘வாக்கின்’. நல்லதா ஒரு தட்டு எடுத்துக் குடுத்தா போதாதா?”

“எது நல்லதுன்னு எப்படி சார் எடுக்கிறது? முதல் நாள் வாசிச்சதை மறுநாள் அவங்களே உடைக்கிறாங்க. முதல் நாளைக் கேக்காதவங்களுக்கு உடைச்சது தெரியுமா?”

நான் இதை விட்டுக்கொடுக்கமாட்டேன். மைல்ஸோடு வாசித்தவர்கள் வெய்ன் ஷார்ட்டர், ஹெர்பி ஹேன்காக், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ். வில்லியம்ஸுக்கு அந்த மாதம்தான் இருபது வயது நிரம்பியிருந்தது. எதிர்பார்ப்பதற்கு நேரெதிராக வாசிப்பது என்று மைல்ஸுக்குச் சொல்லாமல் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு மேடையேறினார்கள் இந்த இளைஞர்கள். உச்சம் வரவேண்டிய இடத்தில் அடங்குகிறார்கள். அடங்கவேண்டிய இடத்தில் டிரம்ஸ் வெடிக்கிறது. தனி ஒருவன் வாசிக்கும்போது பியானோ திடீரென்று விலகிக்கொள்கிறது. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் பழைய பலம் முழுதும் திரும்பாத உதடுகளோடு மைல்ஸ் அதற்குள் வழி கண்டுபிடிக்கிறார். ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருவதுதான் இந்தப் பெட்டியின் பயன். அறிந்த பாட்டு இல்லாவிட்டால் எதை மீறினார்கள் என்பது எப்படித் தெரியும்?

எங்கள் அடுத்த வழக்கு ஜான் கோல்ட்ரேனுடையது. எவன்ஸ் வாசித்து நான்கு மாதம் சொச்சம் கழித்து, அதே வில்லேஜ் வான்கார்டில், 1961 நவம்பர் 1, 2, 3, 5 தேதிகளில் வான் கெல்டர் பதிவு செய்தது. முதலில் வந்த எல்.பி.யில் மூன்றே பாட்டு. 1997இல்தான் நான்கு சி.டி.யாக மொத்தமும் கிடைத்தது. அதில் ‘இந்தியா’ என்ற பாட்டு நான்கு இரவும் இருக்கிறது. கோல்ட்ரேன் அந்தக் காலத்தில் நம் ராகங்களைத் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தார்; பின்னால் பிறந்த மகனுக்கு ரவி சங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தவர். இரண்டு பாஸ் வாத்தியங்கள் ஆதார சுருதியில் நிற்க, மேலே சோப்ரானோ சாக்ஸபோன் சுழல்கிறது. எரிக் டால்ஃபியின் பாஸ் கிளாரினெட் கீழேயிருந்து கிழித்துக்கொண்டு வருகிறது. சில பதிவுகளில் அகமது அப்துல்-மாலிக் தம்புரா மீட்டியிருக்கிறார். பட்டியல்களில் நெடுங்காலம் அது ‘ஊத்’ என்ற அரபு நரம்பு வாத்தியம் என்றே அச்சாகி வந்தது. தம்புராவோடு பிறந்து வளர்ந்த காதுக்கு அதைப் பிரித்தறியக் கையேடு தேவையில்லை.

மூன்றாம் தேதிப் பதிவுதான் 1963இல் ‘இம்ப்ரெஷன்ஸ்’ எல்.பி.யில் வெளியானது. நண்பர் அதற்கு மேல் ஒன்று இல்லை என்கிறார். வடிவம் கச்சிதமாக இருக்கிறதாம், டால்ஃபி அளவறிந்து வாசிக்கிறாராம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தயாரிப்பாளர் பாப் தீலும் அதனால்தான் அதைத் தேர்ந்திருக்கவேண்டும். என் ஓட்டு ஐந்தாம் தேதிக்கு. அன்றைக்குக் கார்வின் புஷெல் ஓபோ வாசிக்கிறார். இரட்டை நாணல் வைத்து ஊதும் வாத்தியம் அது, நம் நாகஸ்வரத்தின் சாதி. அந்த நாணலின் அடித்தொண்டைக் குரல் கோல்ட்ரேனின் சோப்ரானோவுக்குக் கீழே வந்து சேர்ந்ததும், பெயரில் மட்டும் இருந்த ‘இந்தியா’ ஒலிக்குள் இறங்கிவிடுகிறது. மிங்கஸின் ‘த பிளாக் செயின்ட் அண்ட் த சின்னர் லேடி’யில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த சார்லி மரியானோ பிற்பாடு நாகஸ்வரமே கற்றுக்கொண்டு வாசித்தார் என்பதை இந்த இடத்தில் நான் சாட்சியாகக் கூப்பிடுவது வழக்கம். அது வேறு வழக்கு என்று நண்பர் தள்ளுபடி செய்துவிடுகிறார். ஐந்தாம் தேதி நீளம் அதிகம், நடுவில் தொய்வு இருக்கிறது என்பது அவர் வாதம். தொய்வு இருக்கிறதுதான். புஷெலுக்கு அந்தக் குழுவோடு பழக்கமில்லை. எங்கே நுழைவது என்று அவர் காத்திருக்கும் நேரம் அது. அந்தக் காத்திருப்பையும் சேர்த்துத்தான் நான் கேட்கிறேன்.